தகவலுக்கு மட்டும்

நடவடிக்கை கோரிப் பொதுமக்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று வேலை நாட்களுக்குள் ஒப்புகையும், பதினான்கு வேலை நாட்களுக்குள் முழுமையான பதிலும் அனுப்பப்பட வேண்டும். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் முகப்பில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய விதி இது. தட்டச்சு செய்தவள் நான்தான். பதினான்கு நாளா இருபத்தொரு நாளா என்று முடிவு செய்ய இரண்டு கூட்டங்கள் நடந்தன, இரண்டிலும் தேநீரோடு வந்த கறிபாப் நன்றாக இருந்தது. மற்ற அலுவலகங்களிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான் தொங்கும். பின்னாளில் மருமகளும் நானும் எழுதிய ஒரு கடிதத்துக்கும் அது பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாமல் போனதற்கு நானே காரணம்.

என் மருமகள் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. மனிதர்களின் நலமும், விலங்குகளின் நலமும், இரு தரப்பும் புழங்கும் மண், நீரின் நலமும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்பது அவள் ஆய்வு. கல்யாணமான புதிதில், "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று உறவினர்கள் கேட்டால், "டாக்டர் மாதிரி" என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு ஒரு நாள், ஓர் ஆட்டைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அதன் கழுத்தில் அவள் ரத்தம் எடுக்கும் படம் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

மலேசியாவின் தெற்கு முனையில், ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில் எங்கள் வீடு. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பாலம் கடந்து போய் வருவதிலேயே அவன் பாதி வாழ்க்கை கழிகிறது. ஆகவே பகலில் நானும் மருமகளும்தான். என் ஐஸ்பெட்டியில் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் அவளுடைய ஐஸ் பைகள் இருக்கும். ரத்தக் குழாய் எதுவும் என் சமையலறைக்குள் வரக்கூடாது என்பது நான் போட்ட விதி. அதை அவள் ஒரு முறையும் மீறியதில்லை.

அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ரெங்கம் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம். அதைச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். என் அண்ணன் அங்கே தண்டலாக இருந்து, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பி, ஓய்வு பெற்று, இன்னும் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் அண்ணியோடு இருக்கிறார். தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அண்ணனுக்கு மகள் முறை என்பதால் லயத்தில் எல்லாக் கதவும் அவளுக்குத் திறந்தது. ஆட்டு ரத்தம், எலிப்பொறி, ஓடைத் தண்ணீர், யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்ற கேள்விகள் என்று ஒன்றரை வருடம் அலைந்தாள். லயத்து ஆடுகள் அடிக்கடி காலத்துக்கு முன்பே குட்டி வீசுவதை முதலில் அவளிடம் சொன்னதும் அண்ணன்தான். அவளை அவர் "எலி டாக்டர்" என்றே கூப்பிடுவார்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரம் ஒரு சாயங்காலம் அவள் தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"அத்தை, ஆட்டு ரத்தத்துல இருக்கு. எலியில இருக்கு. ஓடைத் தண்ணியிலயும் இருக்கு."

எலிக்காய்ச்சல் கிருமி. மலாய்க்காரர்கள் கென்சிங் திக்குஸ் என்பார்கள். எலியின் சிறுநீரிலும் ஆட்டின் சிறுநீரிலும் கலந்து தண்ணீருக்கு வரும். தண்ணீரிலிருந்து, காலில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் போதும், மனிதனுக்குள் போய்விடும். சிலருக்குச் சாதாரணக் காய்ச்சலாகப் போகும். சிலருக்குச் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

"அப்ப தோட்டத்துல சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லக்கூடாது. இது முதல் சோதனைதான். பெரிய லேப்ல உறுதி பண்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன்னு யூனிவர்சிட்டி நெறிக்குழுவுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்ககிட்ட சொன்னதே தப்பு." தட்டை நகர்த்தி வைத்தாள். "ஆடியில திருவிழா வருது, அத்தை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தோட்டத்துக் கோயிலில் கரகம் அந்த ஓடையில்தான் எடுப்பார்கள். கரகம் தூக்குகிறவர் செருப்பில்லாமல் முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி, மூன்று முழுக்குப் போட்டு, அங்கேயே நின்று குடத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். காவடி எடுக்கிறவர்களும் பால்குடக்காரர்களும் அதற்கப்புறம் அதே தண்ணீரில் குளிப்பார்கள். பல வருடங்களாகக் கரகம் தூக்குகிறவர் என் அண்ணன். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. இடது குதிகாலில் ஆறாத ஒரு புண் இருந்தது. சித்திரையிலிருந்து அதற்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி முடிவைத் தோட்டத்தாரிடம் சொல்லக்கூடாது. ஆனால் பொறுப்பான அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். கடிதம் என்று வந்துவிட்டால் அது என் பேட்டை. முப்பத்தைந்து வருடம் அதைத்தான் செய்தேன். அன்றிரவே மலாயில் வரைவு எழுதிவிட்டேன்.

தோட்டம் இருக்கும் மாவட்டத்தில் இதற்கு மூன்று அலுவலகங்கள். மனிதர்களுக்கு ஒன்று, விலங்குகளுக்கு ஒன்று, ஆறு குளங்களுக்கு ஒன்று. மனித அலுவலகத்துக்கு முகவரியிட்டு மற்ற இரண்டுக்கும் நகல் போட்டேன்.

"அந்தக் கிருமி எந்த இலாகான்னு பாத்துட்டுத்தான் உள்ள போவுமா அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

"கிருமிக்குக் கோப்பு எண் கிடையாது. நமக்கு வேணும்," என்றேன்.

கடிதத்தின் தலைப்புக்குக் கீழே ஒரு வரி வரும். 'நடவடிக்கைக்கு' அல்லது 'தகவலுக்கு மட்டும்'. அந்த வரியில் என் கை நின்றது. நடவடிக்கைக்கு என்று எழுதினால் அதிகாரிகள் தோட்டத்துக்குள் போவார்கள். தோட்ட மேனேஜர் யார் எழுதியது என்று விசாரிப்பார். மருமகளின் அனுமதிக் கடிதத்தை ஒரே நாளில் ரத்து செய்வார். ஒன்றரை வருட உழைப்பு போய்விடும். 'தகவலுக்கு மட்டும்' என்று எழுதினேன். உள்ளே எழுதியிருப்பதைப் படித்தால் எந்த அதிகாரியும் சும்மா இருக்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தகவலுக்கு மட்டும் வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களைப் படிக்காமல் துளை போட்டுக் கோப்பில் சேர்த்தவள் நான். மருமகள் அந்த வரியைப் பார்த்தாள், ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள். நான் விளக்கவில்லை.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் சாப்பு, அதாவது அலுவலக முத்திரை, வாங்கிக்கொண்டு வந்தேன். சமையலறை நாட்காட்டியில் வேலை நாட்களை எண்ண ஆரம்பித்தேன். விதி பொருந்தாது என்று தெரிந்தும் எண்ணினேன். அவால் முஹர்ரம் விடுமுறையைக் கழித்தேன். மூன்றாம் நாள் ஒப்புகை வரவில்லை. ஏழாம் நாள் வரவில்லை. தபால்காரனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். தண்ணீர் பில், பேரங்காடி விளம்பரம், மறுபடி தண்ணீர் பில்.

மகன் போனில் சிரித்தான். "நீங்க ரிடையர் ஆயிட்டீங்கம்மா. ஒஃபிஸ் இன்னும் ஆகல."

பதினான்கு நாளும் முடிந்தன. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இன்னும் ஒரு வாரத்தைத் தின்றேன். பிறகு ஒரு காலையில் சேலையைச் சுற்றிக்கொண்டு, டாக்சி பிடித்து, அவ்வளவு தூரம் அந்த அலுவலகத்துக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது.

காவலர் தமிழர். நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "அலாமாக், ஆன்ட்டி, இன்னிக்கி ஞாயித்துக்கிழம லா."

"ஞாயிறு வேலை நாள்தானே?"

"அது போன வருஷம். இப்ப சனி ஞாயிறு லீவு. நியூஸ் பாக்கறதில்லையா நீங்க?"

ஜொகூரில் வெள்ளி சனிதான் வார விடுமுறை என்று என் பணிக்காலத்தின் கடைசிப் பத்து வருடம் உடம்பில் ஊறியிருந்தது. விடுமுறை மாறியது செய்தியாகத் தெரியும்; கால்களுக்குத் தெரியவில்லை. நாட்காட்டியில் நான் போட்ட எண்ணும் அப்படியானால் தப்பாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு திருவிழா. நான் வந்த டாக்சியும் போய்விட்டிருந்தது.

மறுநாள் மருமகளையும் அழைத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் மரியாதையானவள். கணினியில் தேடினாள், உள்ளே போனாள், கோப்போடு வந்தாள். எங்கள் கடிதம் அழகாகத் துளை போட்டு, வரிசை எண் இட்டு, பத்திரமாக இருந்தது. அவள் விரலை அந்த வரியில் வைத்தாள். பெரியவளான என்னை மக்சிக் என்று விளித்து, இது தகவலுக்கு மட்டும்தானே, தகவலைப் பெற்றுக்கொண்டோம் என்று சிரித்தாள். அதில் கேலி இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன், இவ்வளவு இனிமையாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

கவுன்டரிலேயே ஒரு தாள் வாங்கி, 'நடவடிக்கைக்கு, அவசரம்' என்று கையால் எழுதி, மருமகளிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள். காரில் ஏறிய பிறகுதான் பேசினாள்.

"அந்த வரிக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

"உன் பெர்மிட் போயிடும்னு பயந்தேன்."

அவள் காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். "என் பெர்மிட்டுக்காக யாராவது செத்துட்டா நான் என்னத்தை எழுதறது?" என்றாள்.

புதுக் கடிதத்துக்குப் பதினான்கு வேலை நாள் என்றால் திருவிழாவைத் தாண்டிவிடும். நெறிக்குழுவின் கட்டுப்பாடு ஆய்வாளருக்குத்தான், ஆய்வாளரின் மாமியாருக்கு இல்லை. அந்த ஓட்டையை நான் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆனது. புதன்கிழமை பஸ் பிடித்து ரெங்கத்துக்குத் தனியாகப் போனேன்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து கோயில் பந்தலுக்குக் கயிறு பிரித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆடுகள், எலிகள், ஓடை, அவர் குதிகால். பொறுமையாகக் கேட்டார். கையை நீட்டினார்.

"கடுதாசி எங்க?"

"எந்தக் கடுதாசி?"

"ஓடையில எறங்கக்கூடாதுன்னு கவர்மென்ட்டு கடுதாசி. சாப்பு அடிச்சது. கமிட்டில காட்டணும்ல. நீ சொன்ன, எலி டாக்டர் சொன்னுச்சுன்னு எப்படி நான் திருவிழாவ நிறுத்தறது?"

"இன்னும் வரலண்ணே."

"ஒஃபிஸ்ல பெரிய கிராணியா இருந்தவ நீ. ஒரு சாப்பு வாங்க முடியலயா ஒன்னால?"

அண்ணி உள்ளேயிருந்து தேநீரோடு வந்தார். "பைப்புத் தண்ணிய டிரம்முல புடிச்சு வச்சு எடுக்கலாம்ல? யாரு கேக்கப் போறா?"

"டிரம்முல எடுத்தா அது கரகமா, கொழம்புச் சட்டியா?"

"சரி, நீங்க மட்டுமாவது பூட்ஸ் போட்டுக்கிட்டு எறங்குங்கண்ணே," என்றேன்.

அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். "மஞ்ச பூட்ஸ் போட்டுக்கிட்டு ஆத்தாவ தலையில தூக்கணும். ஒழுங்காத்தான் பேசறியா தங்கச்சி?"

வேறு யாராவது தூக்கட்டும் என்றேன். காப்புக் கட்டியாகிவிட்டது என்று மணிக்கட்டைக் காட்டினார். மஞ்சள் கிழங்கு கட்டிய நூல். அதற்குமேல் அவரிடம் பேச ஒன்றும் இல்லை. தண்ணீர் புகாத ஒட்டுப்பட்டையைப் புண்ணின்மேல் போட்டுக்கொள்ள மட்டும் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மருமகளே அவர் குதிகாலைச் சுத்தம் செய்து பட்டையை ஒட்டினாள். மற்றவர்களிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. புண் உள்ளவர்கள் இறங்கவேண்டாம் என்று நான் ஓடைக்கரையில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் என்னைக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். உடுக்கைச் சத்தத்தில் அண்ணன் தண்ணீருக்குள் போனார். ஒரு முழுக்கு. இரண்டு. மூன்றாவதுக்கு எழுந்தபோது அவருக்குப் பக்கத்தில் கலங்கிய தண்ணீரில், சின்னதாய், பழுப்பு நிறத்தில் ஏதோ மிதந்து வந்தது. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டுப்பட்டை. மாதக்கணக்காய் மஞ்சள் பற்று ஊறிய தோலில் அது நிற்காது என்று எங்கள் இருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அன்றிலிருந்து நாட்காட்டியில் இரண்டு கணக்கு. நீல மையில் அலுவலகத்தின் வேலை நாட்கள். சிவப்பு மையில் கிருமியின் நாட்கள். கிருமிக்கு விடுமுறை கிடையாது, சனி ஞாயிறும் எண்ண வேண்டும். ஐந்து நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும், சிலருக்கு ஒரு மாதமும் ஆகும் என்று மருமகள் சொன்னாள். தினம் காலையில் அண்ணிக்குப் போன் போட்டேன். மூன்றாம் நாளே அண்ணன் போனைப் பிடுங்கினார்.

"உசுரோடத்தான் இருக்கேன். வை போன."

நீலக் கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஒப்புகை மட்டும் ஒரு மின்னஞ்சலாக வந்தது, ஏழாம் நாள், மூன்றுக்குப் பதில்.

சிவப்புக் கணக்கில் ஒன்பதாம் நாள். அண்ணி தானே கூப்பிட்டார். "ஒங்கண்ணனுக்கு மேலு சுடுது. நேத்துலேந்து. கூட்டத்துல நின்னதுதான்னு சொல்றாரு. கெண்டக்காலு ரெண்டும் வலிக்குதாம், தொட விடமாட்றாரு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கெண்டைக்கால் வலி எலிக்காய்ச்சலின் அடையாளம்; அந்தச் சொல்லைக் கேட்டதும் மருமகள் கார்ச் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

செனாயைத் தாண்டும்வரை லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்தோம். நான் மாத்திரைப் பட்டியல், அடையாள அட்டை, பழைய மருத்துவ அட்டை என்று என்னென்ன எடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பயம் வந்தால் எனக்கு நடைமுறைதான் வரும். லயத்தில் அண்ணனின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. "குடிக்கல, சத்தியமா," என்றார். அவரைத் தாங்கிக் காருக்குக் கூட்டிப் போனோம்.

மருத்துவமனையில் இளம் மலாய் டாக்டர், பெண். தோட்டத்திலிருந்து காய்ச்சலோடு வந்தால் முதலில் டெங்கி பார்ப்பதுதான் முறை. அதைத்தான் செய்யச் சொன்னார். மருமகள் முன்னால் போனாள். நோயாளி ஒன்பது நாளுக்கு முன் புண்ணோடு ஓடையில் இறங்கினார், அந்த ஓடையில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது, ஆடுகளிலும் இருக்கிறது என்று சொன்னாள்.

எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டார்.

அவள் போனைத் திறந்தாள். என் கண் எதிரில்தான் நடந்தது. உறுதி செய்யப்படாதது, வெளியிடத் தடை என்று மேலே பெரிய எழுத்தில் எழுதிய அட்டவணையை டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் இரண்டு முறை படித்தார். ரத்த முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே ஊசி மருந்தை ஏற்றச் சொன்னார், சிறுநீரகச் சோதனையும் கேட்டார். வெளியே வந்ததும் மருமகள் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பேராசிரியருக்குத் தானே எழுதினாள்: விதியை மீறிவிட்டேன், இன்ன நேரத்தில், இன்னாரிடம். அத்தனை சுத்தமான அறிக்கையை என் பணிக்காலத்தில் நான் படித்ததில்லை. மறுநாளே அவள் ஆய்வை நிறுத்திவைத்தார்கள்.

அடுத்த ஐந்து நாள் அண்ணன் கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் நாங்கள் பேசினோம். முதல் இரண்டு நாள் அது மிகக் கொஞ்சம். மூன்றாம் நாள் டயாலிசிஸ் பற்றி டாக்டர் பேச்செடுத்தார். அண்ணி வார்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, திருவிழாவுக்கு மிஞ்சிய திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி அவரிடம் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். நான்காம் நாள் காலையில் நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினார். பாதிக்கு மேல் இருந்தது. அண்ணி அழ ஆரம்பித்தார். அப்போது சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சரியா எழுதியிருந்தாலும் அவரு எறங்கித்தான் இருப்பாரு," என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் கடுதாசி எங்கே என்று கையை நீட்டியவர் அண்ணன். சாப்பு இருந்திருந்தால் கமிட்டியில் காட்டியிருப்பார்.

ரத்தப் பரிசோதனை முடிவு அதற்குப் பிறகு வந்தது. அதேதான். அண்ணன் வார்டில் படுத்தபடியே கமிட்டி ஆட்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டார்.

"டேய், காச்ச வந்தா பனடோல் போட்டுட்டுப் படுக்காத. டாக்டர்கிட்ட போ, ஓடையில குளிச்சேன்னு மொதல்ல சொல்லு. கடுதாசியா? நாந்தான்டா கடுதாசி. வந்து பாரு."

காவடி எடுத்த இன்னொருவருக்கும் வந்தது. அவர் உடனே போய்விட்டதால் மாத்திரையோடு முடிந்தது.

இரண்டு வாரத்துக்கும் மேல் மருத்துவமனையில் இருந்துவிட்டு அண்ணன் வீடு திரும்பினார், வேட்டி இரண்டு சுற்றுக் கூடுதலாக. மருமகளுக்கு நெறிக்குழு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, ஆய்வைத் தொடரலாம் என்றது. தோட்ட மேனேஜர் அனுமதியை ரத்து செய்யவில்லை. நான் பயந்தது நடக்கவே இல்லை. அதை அவள் ஒரு முறைகூடச் சொல்லிக் காட்டவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அலுவலகத்தின் பதில் ஒரே பக்கம். எங்கள் இரண்டாவது கடிதத்தைச் சுட்டி, நன்றி தெரிவித்து, மூன்று இலாகாக்களின் கூட்டுக்குழு தோட்டத்துக்குச் சென்று ஓடைநீரை எடுத்ததாகவும், குளிக்கவேண்டாம் என்று கரையில் அறிவிப்புப் பலகை வைத்திருப்பதாகவும், ஆட்டுப் பரிசோதனை விவரங்களோடு ஆய்வாளர் கூட்டத்துக்கு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. கடைசிப் பத்தியில் நோயாளி பற்றி ஒரு வாக்கியம். அண்ணனுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"என் பேரு போட்டிருக்கா?"

"இல்லண்ணே. 'ஆண், ஒருவர், குணமடைந்தார்'னு இருக்கு."

"சாப்பு?"

"இருக்கு."

"சரி, ஒரு காப்பி எடுத்துக் கொண்டா. கமிட்டில வைக்கணும்," என்றார்.

உறையின்மேல் தபால் முத்திரையைப் பார்த்து, நாட்காட்டியில் நீல மையில் குறித்தேன். பதினான்கு வேலை நாள் முடிந்து ஒரு மாதத்துக்கும் மேல்: செப்டம்பரில், மலேசியா தினத்துக்கு மறுநாள், புதன்கிழமை.